என் குரலை நம்பி வந்த தம்பி

"அக்கா, ஒரு பேப்பர் அனுப்புறேன். இத வச்சு வேலை பார்க்கலாம்னு எந்த வரியில போட்டிருக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. இங்கிலீஷ்ல இருக்கு."

சென்ற ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. வானொலியில் நேரலை நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. ஒரு பாட்டு ஓடும் நான்கைந்து நிமிடங்களில், நேயர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல்பதிவுகளைக் கேட்டுவிடுவது என் வழக்கம். இரவு நேரத்தில் ஊழியர் தங்குவிடுதிகளிலிருந்து நிறைய வரும். அம்மாவுக்குப் பிறந்தநாள், தங்கைக்குக் கல்யாணம், ஊரில் திருவிழா, இளையராஜா பாட்டு ஒன்று போடுங்கள். அப்படி எதிர்பார்த்துத்தான் அந்தப் பதிவையும் திறந்தேன். பாட்டு எதுவும் கேட்கவில்லை. கூடவே ஒரு கடிதத்தின் படம் மட்டும் வந்திருந்தது.

கடிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் கடிதம் அது. மாணவர் அனுமதி அட்டைக்கான கொள்கையளவிலான ஒப்புதல். வேலை பார்க்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் அழைத்தேன். "தம்பி, நீங்க வேலைக்கு வந்தீங்களா, படிக்க வந்தீங்களா?" என்று கேட்டேன். சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னார்: "ரெண்டுக்கும்னுதான் அக்கா சொன்னாங்க. திங்கக்கிழமை ராத்திரிலேர்ந்து ஒரு சாப்பாட்டுக் கடையில பாத்திரம் கழுவக் கூப்பிடுறாங்க. கையில காசு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கலாம்னு தோணுச்சு."

திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சந்திப்போம், அதுவரை யாருக்கும் சரி சொல்லாதீர்கள் என்றேன்.

தேக்கா உணவங்காடியில் ஒரு ஞாயிறு

அன்று தேக்கா எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிற்க இடமில்லை. இரண்டு தே வாங்கிக்கொண்டு ஓர் ஓரத்தில் உட்கார்ந்தோம். 21 வயது. அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு விவசாயம். தண்ணீர் இல்லாத மாதங்களில் கிடைக்கும் வேலை. வீட்டில் இவர்தான் மூத்தவர். ஒரு பிளாஸ்டிக் கோப்பில் எல்லாத் தாள்களையும் அழகாக அடுக்கி எடுத்து வந்திருந்தார். அந்தக் கோப்பைப் பார்த்தபோதே எனக்கு மனது கனத்தது. இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கும் தாள்களை அவருக்கு ஒருவர்கூடப் படித்துச் சொல்லவில்லை.

அவருக்கு முகவர் சொன்ன கணக்கு இதுதான். வேலை அனுமதிச் சீட்டில் போனால் கட்டுமானத் தளம், வெயில். மாணவராகப் போனால் ஏசி அறை, இங்கிலீஷ் படிப்பு. பகலில் மூன்று மணி நேரம் வகுப்பு, மிச்ச நேரம் வேலை. ஆறு மாதத்தில் அதே அட்டையை எஸ் பாஸாக 'மாற்றி' விடலாம். மொத்தச் செலவு 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதில் பள்ளிக்கு எவ்வளவு, முகவருக்கு எவ்வளவு என்று தம்பிக்குத் தெரியாது. பள்ளி கொடுத்த ரசீதுகளைக் கைப்பேசியில் கூட்டிப் பார்த்தேன். மொத்தத்தில் பாதிகூட வரவில்லை. மீதிக்கு ரசீது இல்லை. மாமாவுக்குத் தெரிந்தவர் என்பதால் கேட்கவில்லையாம்.

"இவ்வளவு பணத்த எப்படிப்பா நம்பிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன். அவர் தயங்கினார். பிறகு கைப்பேசியில் தேடி ஒரு ஒலிப்பதிவை எடுத்தார்.

"இதக் கேட்டுட்டுத்தான் அக்கா. எங்க ஊரு குரூப்ல வந்துச்சு."

அழுத்தினார். மெல்லிய கீபோர்டு இசை. பிறகு ஒரு பெண் குரல். "சிங்கப்பூரில் படிக்க வேண்டும் என்பது உங்கள் கனவா? படித்துக்கொண்டே சம்பாதியுங்கள்! படிப்பு முடிந்ததும் வேலை... உறுதி!"

அது என் குரல்.

மூன்று முறை பதிவுசெய்த சொல்

ஊடகத் துறையில் பட்டம் வாங்கி, இன்னும் நிரந்தர வேலை கிடைக்காத நாள்கள் அவை. கிடைத்த குரல் வேலைகளை எல்லாம் செய்தேன். கடைத் திறப்பு விழா, நகைக்கடைத் தள்ளுபடி, தொலைபேசியில் 'எண் இரண்டை அழுத்தவும்'. அப்படி வந்ததுதான் இது. தமிழ்நாட்டில் இருந்த ஒரு கல்வி ஆலோசனை நிறுவனத்துக்கு ஒரு நிமிட விளம்பரம். எனக்கு 120 வெள்ளி. கொடுத்த தாளை வாசித்தேன். 'உறுதி' என்ற சொல்லைச் சிரித்த முகத்தோடு சொல்லச் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லுக்காக மூன்று முறை பதிவுசெய்தோம். இது உண்மையா என்று ஒரு முறைகூட நான் கேட்கவில்லை. அந்த வார வாடகையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிறுவனத்தின் எண் இப்போது இயங்கவில்லை. பெயரும் மாறிவிட்டது போலும். ஒலிப்பதிவு மட்டும் சாகவில்லை. கடைசியில் சொல்லப்படும் பெயரையும் எண்ணையும் வெட்டிவிட்டு, வேறொருவர் தம் எண்ணை ஒட்டி, குழு குழுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தம்பியிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. அந்த வரியை அப்படியே சொல்லிக் காட்டினேன். அதன் பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை. தே கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அவருடைய அப்பா காணொளி அழைப்பில் வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஏம்மா, அந்த ஆடியோவுல பேசுனது நீங்கதானாமே. தம்பி சொன்னான். அதக் கேட்டுட்டுத்தாம்மா அவுக அம்மா கம்மலக் கழட்டிக் குடுத்துச்சு. சிங்கப்பூருல உள்ளவுகளே சொல்றாக, பொய்யா சொல்லப் போறாகன்னு சொல்லுச்சு."

அந்த வாக்கியம் இன்றும் என்னோடு இருக்கிறது. முகவரை அவர்கள் நம்பவில்லை. நம்மை நம்பினார்கள். முகவர் நம்மிடமிருந்து அந்த நம்பிக்கையைக் கடன் வாங்கிக்கொண்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்த அட்டைக்கு என்ன பொருள்?

அந்த ஞாயிறுக்குப் பிறகு, வேலை முடிந்த நேரங்களில் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். விதிகளைப் படித்தேன். பத்து ஆண்டுகளுக்கு முன் செய்திருக்க வேண்டியது.

முதலில் மாணவர் அனுமதி அட்டை. அதை வைத்திருக்கும் எல்லாரும் பகுதிநேரமாக வேலை பார்க்கலாம் என்று இங்கேயே பலர் நினைக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள், பலதுறைத் தொழிற்கல்லூரிகள் போன்ற, மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலையங்களின் முழுநேர மாணவர்களுக்குத்தான் அந்த விலக்கு. பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம். தம்பி சேர்ந்தது போன்ற தனியார் பள்ளிகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே படிப்பவர் ஒரு மணி நேரம் பாத்திரம் கழுவினாலும் அது சட்டவிரோத வேலை. அனுமதியின்றி வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 'கையில காசு' என்பதன் முழு விலை அது. போதாததற்கு வகுப்புக்கு 90 விழுக்காடு வருகை வேண்டும். இரவு முழுக்க நின்று வேலை பார்த்தவர் காலை வகுப்புக்கு எப்படிப் போவார்?

அடுத்தது 'மாற்றி விடலாம்' என்ற பேச்சு. ஓர் அட்டை இன்னொன்றாக மாறாது. எஸ் பாஸ் வேண்டுமென்றால் இங்குள்ள ஒரு முதலாளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அவரிடம் அதற்கான ஒதுக்கீடு இருக்க வேண்டும், மாதாமாதம் தீர்வை கட்ட வேண்டும். சம்பளமும் குறைந்தபட்ச அளவைத் தொட வேண்டும். 2025 செப்டம்பரில் அந்த அளவு 3,300 வெள்ளியாக உயர்ந்தது. வயது கூடக் கூட அதுவும் கூடும். ஆறு மாதச் சான்றிதழோடு வரும் 21 வயதுப் பையனுக்கு அந்தச் சம்பளம் கொடுக்க எந்த முதலாளி காத்திருக்கிறார்?

இன்னொரு பொறி உண்டு. ஊரில் 'இ பாஸ்' என்று சொல்லி விற்கப்படுவது சில சமயம் பயிற்சிக்கான வேலை அனுமதியாக இருக்கிறது. அதன் ஆயுள் அதிகபட்சம் 3 மாதம். புதுப்பிக்க முடியாது. பெயரில் 'எம்ப்ளாய்மெண்ட் பாஸ்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால், பெரிய வேலை என்று நினைத்துக் கிளம்பி வருகிறார்கள். நான்காம் மாதம் ஊருக்குத் திரும்பும்போது வாங்கிய கடனுக்கு வட்டிகூட அடைந்திருக்காது.

சுற்றுப்பயண அனுமதியில் 'வந்து வேலையைத் தொடங்கு, தாள் பின்னால் வரும்' என்பதும் அப்படித்தான். தாள் முன்னால் வர வேண்டும்.

தமிழிலேயே ஒரு தாள் இருக்கிறது

வேலை அனுமதிச் சீட்டில் வருபவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது. நம்மில் பலருக்கே அது தெரியாது. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே, 'ஐபிஏ' எனப்படும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதத்தை ஊழியரின் தாய்மொழியில் அவருக்கு அனுப்பியாக வேண்டும். தமிழருக்குத் தமிழில். முதலாளி யார், என்ன வேலை, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் இருக்கும்.

அன்று தேக்காவில் பக்கத்து மேசையில் இருந்த இரண்டு கட்டுமான ஊழியர்கள் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் சொன்னார், "எனக்கு ஐபிஏவ போன்ல காட்டுனாங்க. இங்கிலீஷ் பக்கம் மட்டும். ஏர்போர்ட்டுக்குப் போற வழியில." இன்னொருவர் தமிழ்ப் பக்கத்தை இங்கு வந்து எட்டு மாதம் கழித்துத்தான் பார்த்தாராம். அதில் இருந்த சம்பளமும் கையில் வாங்கியதும் வேறு வேறு.

கடிதத்தில் உள்ள சம்பளத்தைக் கொடுத்துவிட்டு ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்குவதும் நடக்கிறது. வேலைக்கு எடுத்ததற்காகவோ, அனுமதியைப் புதுப்பித்ததற்காகவோ முதலாளி ஊழியரிடம் பணம் வாங்குவது குற்றம். அதற்கு 30,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். வெளிநாட்டு ஊழியருக்கான தீர்வையையும், மலேசியர் அல்லாத ஒவ்வொரு வேலை அனுமதி ஊழியருக்கும் கட்டப்படும் 5,000 வெள்ளி பிணைத்தொகையையும் ஊழியர் தலையில் வைக்கக் கூடாது. 'லெவிக்குப் பிடிச்சுக்கிட்டாங்க' என்று யாராவது உங்களிடம் சொன்னால், தயவுசெய்து கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.

கட்டணமும் கைக்கு எட்டாத முகவரும்

ஓர் எஸ் பாஸுக்கு மனிதவள அமைச்சு வாங்கும் தொகை விண்ணப்பத்துக்கு 105 வெள்ளி, அட்டை வழங்க 100 வெள்ளி. அதையும் விண்ணப்பிக்கும் தரப்புதான் கட்டுகிறது. ஊரில் கேட்கப்படும் லட்சங்களில் இதற்கான பங்கு எவ்வளவு சிறியது என்று பாருங்கள்.

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற வேலை நியமன நிறுவனம் ஊழியரிடம் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம். எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. முதல் ஆறு மாதத்துக்குள் முதலாளியே வேலையை விட்டு நிறுத்தினால் பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்துக்கு உரிம எண்ணும், அங்கு வேலை பார்ப்பவருக்குப் பதிவு எண்ணும் இருக்கும். இரண்டையும் அமைச்சின் இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

இந்தியாவிலும் சட்டம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவுசெய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி வரி மட்டும். பதிவான முகவர்களின் பட்டியல் 'இ-மைக்ரேட்' தளத்தில் இருக்கிறது.

அப்படியிருந்தும் ஏன் ஏமாற்று நிற்கவில்லை? பணம் பெரும்பாலும் இந்த இருவரிடமும் போவதில்லை. நடுவில் பதிவில்லாத துணை முகவர் ஒருவர் இருக்கிறார். ஊர்க்காரர், சொந்தக்காரர், கோயில் கமிட்டியில் இருப்பவர். ரொக்கம் வாங்குவார், ரசீது தர மாட்டார். சிங்கப்பூர்ச் சட்டம் அவர் வீட்டு வாசல் வரை போக முடியாது. ஊரில் புகார் கொடுக்கக் கையில் ஆதாரம் இருக்காது. அதோடு, சொந்தக்காரர் மீது எப்படிப் புகார் கொடுப்பது என்ற கூச்சம் வேறு.

நாம் கொடுக்கும் கடன்

இது ஊரில் நடக்கும் விஷயம், நமக்கென்ன என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

உறவினர் அனுப்பிய வேலை விளம்பரத்தைப் படிக்காமலே நான்கு குழுக்களுக்கு அனுப்பியிருக்கிறோம். "யாருக்காவது உதவுமே" என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கே அதைப் பெறுபவர் அதை விளம்பரமாகப் பார்ப்பதில்லை. 'சிங்கப்பூரில் இருக்கும் அத்தை அனுப்பியது' என்று பார்க்கிறார். என் குரல் என்ன செய்ததோ அதையே நம் பெயரும் செய்கிறது.

இன்னும் ஒன்று. எங்கள் சொந்தத்தில் ஒரு சித்திக்கு, தெரிந்தவர் ஒருவர் வழியாக யோசனை வந்தது. "உங்க பேர மட்டும் கம்பெனியில சேர்த்துக்கிறோம். வேலைக்கு வர வேணாம். மாசா மாசம் சிபிஎஃப்ல காசு விழும்." வீட்டிலேயே இருக்கிறோம், வருவது வரட்டுமே என்று சித்தி யோசித்துக்கொண்டிருந்தார். எதற்காக இந்தத் தாராளம் என்று அப்போது எனக்கும் புரியவில்லை. உள்ளூர் ஊழியர் எண்ணிக்கையை வைத்துத்தான் வெளிநாட்டு ஊழியருக்கான ஒதுக்கீடு கணக்கிடப்படுகிறது. இல்லாத வேலைக்குப் பெயரைக் காட்டி ஒதுக்கீட்டை உயர்த்தி, அந்த இடங்களை ஊரில் விலைக்கு விற்கிறார்கள். அது அமைச்சுக்குப் பொய்த் தகவல் கொடுக்கும் குற்றம். பெயரைக் கொடுத்தவரும் விசாரணையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விளக்கிச் சொன்னதும் சித்தி மறுத்துவிட்டார். சொல்ல ஆளில்லாத சித்திகள் எத்தனை வீட்டில் இருக்கிறார்களோ!

அலுவலகங்களில் மனிதவளப் பிரிவில் இருக்கும் இளையர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர்ப் பையன் ஒருவன் தாளின் படத்தை அனுப்பிக் கேட்டால், 'எனக்கு இதில் தொடர்பில்லை' என்று ஒதுங்காதீர்கள். வேலை வாங்கித் தரச் சொல்லவில்லை. அனுமதியின் வகை என்ன, முதலாளி பெயர் என்ன, வேலை என்ன, சம்பளம் என்ன என்று நான்கு வரிகளைப் படித்துச் சொன்னால் போதும். அந்த அனுமதி உண்மையானதா என்று அமைச்சின் தளத்தில் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் இன்னும் நல்லது. உங்களுக்கு ஐந்து நிமிடம். அவருக்கு ஒரு குடும்பத்தின் நகை.

தனியார் பள்ளியில் சேருபவர்களுக்கும் சில கேள்விகள் உண்டு. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அந்தப் பள்ளி 'எடுடிரஸ்ட்' சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். கட்டணத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் இருக்க வேண்டும். மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு 7 வேலை நாள்கள் யோசிக்க அவகாசம் உண்டு. அதற்குள் விலகலாம்.

அந்த 7 நாளைப் பற்றித் தம்பியிடம் கேட்டேன். ஊரிலேயே, ஒரு கணினி மையத்தில், மாலை ஆறு மணிக்கு மேல் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "கடை மூடப் போறாங்க, சீக்கிரம் போடு, எல்லாம் பார்மாலிட்டிதான்" என்றாராம் முகவர். ஒப்பந்தத்தின் நகல் தம்பியின் கைக்கு வந்தபோது அந்த 7 நாளும் முடிந்திருந்தன.

பிறகு

தம்பி அந்தத் திங்கட்கிழமை சாப்பாட்டுக் கடைக்குப் போகவில்லை. இரண்டு வாரம் வகுப்புக்குப் போனார். பிறகு, கையிலிருக்கும் காசு தீருவதற்குள் முடிவெடுப்பது நல்லது என்று சொன்னார். நாங்கள் இருவருமாகப் பள்ளி அலுவலகத்துக்குப் போனோம். ஒப்பந்தத்தில் இருந்தபடி கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. முகவருக்குக் கொடுத்தது கிடைக்கவில்லை. அப்பா ஊரில் காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறார். ரசீது இல்லாததால் விசாரணை நகர மறுக்கிறது.

விமான நிலையத்தில் ஓர் உறையை நீட்டினேன். 120 வெள்ளி. அன்று நான் வாங்கிய அதே தொகை. "இது கடன் இல்ல தம்பி, எனக்குச் சேர வேண்டியது இல்ல, அதான்" என்றேன். வாங்க மறுத்தார். அம்மாவிடம் கொடுங்கள் என்ற பிறகே வாங்கிக்கொண்டார். அதனால் கம்மல் திரும்பி வந்துவிடாது என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஓர் இரவு வீட்டில் கைப்பேசியை வைத்துக்கொண்டு புதிதாக ஒரு நிமிடம் பதிவுசெய்தேன். இசை இல்லை. "அந்தப் பழைய விளம்பரத்தில் பேசியது நான்தான். அதில் சொன்னது தவறு" என்று தொடங்கும். தனியார் பள்ளி மாணவர் பொதுவாக வேலை பார்க்க முடியாது, தாளைக் கேளுங்கள், தமிழில் கேளுங்கள், ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், இங்கு வந்த பிறகு சிக்கல் என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692 என்ற எண்ணில் எந்த நேரமும் அழையுங்கள். அவ்வளவுதான். தம்பி அதைத் தம் ஊர்க் குழுவில் போட்டார். பழையதைவிட இது மெதுவாகத்தான் பரவுகிறது. 'உறுதி' என்று சொல்லும் குரலுக்கு இருக்கும் கால்கள், 'கேட்டுப் பார்' என்று சொல்லும் குரலுக்கு இல்லை.

ஐந்து மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. இப்போது திருச்சியில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். அவருடைய பெரியப்பா மகனுக்கு இன்னொரு முகவர் 'டைரக்ட் எஸ் பாஸ்' என்று சொல்லி 7 லட்சம் கேட்டாராம். தம்பியும் கூடப் போயிருக்கிறார். முதலாளி கம்பெனி பேர் என்ன, ஐபிஏ எங்கே, சிங்கப்பூரில் எந்த ஏஜென்சி, அதன் உரிம எண் என்ன, பணத்துக்கு ரசீது தருவீர்களா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

"அந்த ஆளு சிரிச்சுட்டு, இவ்வளவு கேள்வி கேட்டா சிங்கப்பூர் போக முடியாது தம்பின்னாரு அக்கா. நான் சொன்னேன், கேக்காமப் போய்ப் பார்த்துட்டேண்ணே."